பூத்துக் கொட்டிய கொடி காய்த்தது எப்படி: மஞ்சள் பேஷன் ஃப்ரூட்டோடு ஒரு பருவம்

கொடி நன்றாகத்தான் இருந்தது. இலை கரும்பச்சை, புதுத் தளிர்களில் கணுவுக்கு ஒரு மொட்டு, மதியமானால் பந்தல் முழுக்கப் பூ. மறுநாள் காலையில் அத்தனையும் மூடிச் சுருண்டிருக்கும். அப்புறம் காம்பு மஞ்சளாகி ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்துவிடும். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. பூத்தும் காய்க்காத கொடி என்று யாரிடம் சொன்னாலும் உரம் போடு, சாம்பல் போடு என்பார்கள். எதையும் போடுவதற்கு முன்னால் பூவையே அறுத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியில் தீர்வும் பூவின் அமைப்பில்தான் கிடைத்தது. அதனால் இந்தப் பதிவில் பூவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

கொடி எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாசிஃப்ளோரா எடுலிஸ் இனத்தின் மஞ்சள் வகை, ஃப்ளாவிகார்ப்பா. கொடித்தோடை என்றும் தாட்பூட் பழம் என்றும் சொல்வது இதைத்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயர் சூட்டிய இந்தப் பாசிஃப்ளோரா பேரினத்தில் இன்று 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. அழகுக்காக வளர்க்கும் நீலப் பூக்கொடி, பாசிஃப்ளோரா செருலியா, இதன் உறவுக்காரி. வேலி ஓரங்களில் தானாகப் படரும் சிறுபூனைக்காலியும் அப்படியே. பூவின் அடிப்படை அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒன்றை அறுத்துப் படித்துவிட்டால் மற்றவை பிடிபட்டுவிடும்.

எளிய காரணங்களை முதலில் கழித்தேன். தழைச்சத்து கூடிப்போனால் இந்தக் கொடி இலையும் தண்டுமாக ஓடும், மொட்டு வைக்காது. வெயில் போதாவிட்டாலும் அதே நிலைதான். பகல் நேரம் 11 மணிக்குக் கீழே குறுகினாலும் மஞ்சள் வகை பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் தட்டுப்பட்டால் மொட்டு விரியாமலே உதிரும். என் கொடியில் இது எதுவும் இல்லை. மொட்டெல்லாம் ஒழுங்காக விரிந்து, ஒரு மாலை முழுக்க இருந்து, அதற்குப் பிறகே உதிர்ந்தது. அப்படியென்றால் கோளாறு வேரிலோ மண்ணிலோ இல்லை. பூ விரிவதற்கும் மூடுவதற்கும் நடுவே உள்ள சில மணி நேரத்தில்தான் இருக்க வேண்டும்.

பூவைப் பிளந்து பார்த்தது

மதியம் விரிந்த பூ ஒன்றைக் காம்போடு பறித்து, புதுச் சவர பிளேடால் உச்சியிலிருந்து காம்பு வரை நேர்பாதியாகப் பிளந்தேன். பிளேடு புதிதாக இருப்பது முக்கியம். மழுங்கியதாக இருந்தால் நடுத்தண்டு நசுங்கி, பார்க்க வேண்டியது பார்க்க முடியாமல் போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும், மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. இரண்டு பாதிகளையும் கறுப்பு அட்டை மேல் வைத்தால் வெள்ளைப் பகுதிகள் தெளிவாகத் தெரியும்.

பூவுக்கு வெளியே, காம்பின் மேற்பகுதியில் மூன்று பச்சைப் பூவடிச் செதில்கள். சிறு இலைகள் என்றே முதலில் தோன்றும். மொட்டாக இருக்கும்போது இவைதான் அதை மூடிக் காக்கின்றன. சிறுபூனைக்காலியில் இதே செதில்கள் வலை பின்னியது போன்ற பிசுபிசுப்பான உறையாக மாறியிருக்கும், அதில் சின்னப் பூச்சிகள் ஒட்டிச் சாகும். எடுலிஸில் அவ்வளவு ஆயுதம் கிடையாது.

அதற்கு உள்ளே பார்த்தால் பத்து வெள்ளை இதழ்கள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஐந்து புல்லி இதழ், ஐந்து அல்லி இதழ், மாறி மாறி அமைந்தவை. மேலிருந்து பிரித்தறிவது கடினம், பூவைக் கவிழ்த்தால் எளிது. புல்லி இதழின் முதுகு பச்சையாக இருக்கும், நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அல்லி இதழ் மெல்லியது, கொம்பு கிடையாது. பூ முழுக்க விரிந்தால் குறுக்களவு ஆறேழு செ.மீ. வரும்.

அடுத்தது இந்தப் பேரினத்தின் அடையாளமான மகுடம். ஓர் உள்வட்டம் முழுக்க மெல்லிய இழைகள், பல வரிசைகளாக. வெளி இரண்டு வரிசைகள் நீளமானவை: அடியில் ஆழ்ந்த ஊதா, மேலே வெள்ளை, நுனியில் நெளிநெளியாகச் சுருள். உள் வரிசைகள் குட்டையானவை. இது இதழும் இல்லை, மகரந்தத்தாளும் இல்லை. பூவின் கிண்ணம் போன்ற அடிப்பகுதியிலிருந்து தனியாக எழுகிற உறுப்பு. ஊதாவும் வெள்ளையும் வட்டம் வட்டமாக அமைந்து, தேன் எங்கே என்பதைப் பறந்து வரும் பூச்சிக்குக் காட்டுகின்றன. பூச்சி வந்து இறங்கிக் கால் ஊன்றுவதும் இதன் மேல்தான். மணமும் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது. ஓர் இழையை மட்டும் கிள்ளி விரலில் நசுக்கி முகர்ந்தேன், பூவின் வாசனை அப்படியே இருந்தது.

மகுடத்துக்குள்ளே, அடித்தளத்தில் ஒரு தேன் அறை. பானை வாயைத் துணியால் கட்டியதுபோல அதன் மேல் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. நாக்கு நீண்டதாகவும் உந்தித் தள்ளும் பலம் உள்ளதாகவும் இருக்கும் பூச்சிக்குத்தான் உள்ளே இருக்கும் தேன் கிடைக்கும். பிளந்த பாதியில் சவ்வை ஊசியால் தூக்கியதும் தேன் பளபளவென்று தெரிந்தது. எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகவே இருந்தது.

இனி நடுத்தண்டு. வழக்கமான பூவில் மகரந்தத்தாள்கள் இதழ்களின் அடியிலிருந்து எழும், சூலகம் நடுவில் உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படியில்லை. மகரந்தத்தாள்களையும் சூலகத்தையும் சேர்த்து ஒரே தண்டு மேலே தூக்கிப் பிடிக்கிறது. தாவரவியலில் இதற்கு ஆண்ட்ரோகைனோஃபோர் என்று பெயர். அதன் உச்சியில் ஐந்து மகரந்தக் கம்பிகள் குடைக்கம்பிகளாக வெளியே விரிகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் பெரிய மகரந்தப்பை, நடுப்பகுதியில் மட்டும் ஒட்டியிருப்பதால் தொட்டால் ஆடும். மொட்டைப் பிரித்துப் பார்த்தால் பையின் தூள் பக்கம் உள்நோக்கி இருக்கிறது. பூ விரியும்போது பை புரண்டு, தூள் பக்கம் கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. மகரந்தம் எங்கே தேவையோ அங்கே, அதாவது கீழே நடமாடும் பூச்சியின் முதுகை நோக்கி.

அதற்கும் மேலே முட்டை வடிவச் சூலகம், அதன் தலையில் மூன்று சூலகத்தண்டுகள், ஒவ்வொன்றின் முனையிலும் உருண்டையான சூலகமுடி. சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே ஒரே அறைதான். சுவரில் மூன்று வரிசைகளாகச் சூல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. பழத்தைப் பாதியாக வெட்டும்போது விதைகள் ஓட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு பூவிலேயே தயாராக இருக்கிறது.

மகுடத்தின் தளத்துக்கும் மகரந்தப்பைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதை அளந்து பார்த்ததும் பூ எந்தப் பூச்சிக்காகக் கட்டப்பட்டது என்பது விளங்கிவிட்டது. ஒரு சாதாரணத் தேனீ அதில் தாராளமாக நுழைந்து எதையும் தொடாமல் வெளியே வந்துவிடும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு, சைலோகோபா, நுழைந்தால் அதன் முதுகு உரசும்.

ஒரு மதியப் பொழுது

வெட்டிய பூ அமைப்பைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. அதனால் விரியப்போகும் மொட்டு ஒன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எடுலிஸில் இரண்டு வகைக்கும் இரண்டு நேரம் உண்டு. ஊதாப் பழ வகை விடியலில் விரிந்து நண்பகலில் மூடும். மஞ்சள் வகை நண்பகலில் விரிந்து இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் மூடும். அருகருகே நட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது அரிது.

நண்பகலில் புல்லி இதழ்களின் நுனி விலகும், சற்று நேரத்தில் பூ திறந்துவிடும். அப்போதே மகரந்தப்பைகள் வெடித்து, கனமான மஞ்சள் தூள் வெளியே வந்திருக்கும். ஒட்டும் தன்மை உள்ள தூள். ஊதிப் பார்த்தேன், பறக்கவில்லை. காற்றால் இந்தப் பூவுக்கு எந்த உதவியும் இல்லை.

அந்த நேரத்தில் மூன்று சூலகத்தண்டுகளும் செங்குத்தாக மேல்நோக்கி நிற்கின்றன. கீழே நடமாடும் பூச்சிக்கு எட்டாத உயரம். அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் நடப்பதை எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தண்டுகள் மெதுவாக வெளிப்பக்கம் வளைந்து, கீழே தாழ்ந்து, சூலகமுடிகள் மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு வந்து, அவற்றுக்கு இடையே நிற்கின்றன. முதலில் தூளைக் கொடுக்கும் நிலை, பிறகு தூளை வாங்கும் நிலை. கண்ணால் அசைவு தெரியாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வரிசையாகப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும்.

எல்லாப் பூவும் இப்படி வளைவதில்லை. சிலவற்றில் தண்டு பாதிதான் வளைகிறது. சிலவற்றில் மாலை வரை செங்குத்தாகவே நிற்கிறது. அப்படி நிமிர்ந்தே நிற்கும் பூக்கள் மகரந்தம் கொடுக்க மட்டுமே பயன்படும், கையால் தூள் வைத்தாலும் காய் பிடிக்காது. ஒரே கொடியில் மூன்று விதமும் இருக்கும். காய் வேண்டுமென்று வேலை செய்பவர் இதைத் தெரிந்திருந்தால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

வந்தவர்கள் யார்? தேனீக்கள் கூட்டமாக வந்தன. பையின் அடியில் தொங்கியபடி தூளைச் சுரண்டி மூட்டை கட்டிக்கொண்டு போயின. சூலகமுடியை அவை தொட்டதை நான் பார்க்கவில்லை. அவை கிளம்பியபின் பல பூக்களின் பைகள் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தன. ஆக, இந்தப் பூவைப் பொறுத்தவரை தேனீ உதவுவதைவிட எடுத்துச் செல்வதே அதிகம். கருவண்டுகள் எப்போதாவதுதான் வந்தன. வந்தால் வேலை முறையாக நடக்கும். மகுடத்தில் இறங்கி, தலையைத் தேன் அறைப் பக்கம் கொடுத்து, வட்டமாக ஒரு சுற்று நடக்கும். வெளியே வரும்போது முதுகு மஞ்சள். வளைந்து தாழ்ந்த சூலகமுடிகள் அதே முதுகில் உரசுவதை மிக அருகில் பார்த்தேன்.

கருவண்டு அரிது என்பது காய் குறைவதற்குக் காரணமாகலாம். ஆனால் வண்டு வந்து போனதாக நான் நூல் கட்டி வைத்த பூக்களும் உதிர்ந்தன. அங்கேதான் அடுத்த சோதனை தேவைப்பட்டது.

நான்கு நிற நூல்

நான்கு நிறத்தில் கம்பளி நூல் எடுத்துக்கொண்டேன். தண்டு முழுக்க வளைந்த பூக்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மொட்டிலேயே மெல்லிய வலைத்துணிப் பை கட்டி வைத்ததால் பூச்சிகள் முந்திக்கொள்ள வழியில்லை. முதல் குழுவை எதுவும் செய்யாமல் விட்டேன். இரண்டாம் குழுவுக்கு அதே கொடியின் இன்னொரு பூவிலிருந்து தூள். மூன்றாவதற்கு, இதே கொடியிலிருந்து தண்டு வெட்டி வேறிடத்தில் வளர்த்த கொடியின் தூள். நான்காவதற்கு, தொடர்பே இல்லாத, விதையிலிருந்து வளர்ந்த மஞ்சள் வகைக் கொடி ஒன்றின் தூள். அது தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருடையது. மதியம் விரிந்ததும் மகரந்தப்பைகளைக் கத்தரித்து, ஈரமில்லாத சின்ன மூடி டப்பாவில் போட்டுக்கொண்டு நேராக வந்துவிட்டேன்.

முதல் மூன்று குழுக்களும் வழக்கம்போல உதிர்ந்தன. நான்காவது குழுவில் பெரும்பாலானவை நின்றன. சில நாளிலேயே சூலகம் பருத்து, மெழுகு பூசியது போன்ற பச்சைப் பிஞ்சாக மாறியது. வாடிய இதழ்கள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

இதுதான் விடை: மஞ்சள் வகை தன் மகரந்தத்தை ஏற்காது. தன்னுடைய தூள் வந்து விழுந்தால் சூலகமுடி அடையாளம் கண்டு அதை வளரவிடாமல் தடுத்துவிடுகிறது. தூளிலிருந்து முளைக்கும் மகரந்தக்குழாய் சூல் வரை போவதே இல்லை. மரபு வழியில் ஒரே மாதிரியான கொடிகளின் தூளும் அதற்குத் தன் தூள் போலவே என்பதால், ஒரே தாயிலிருந்து வெட்டி நட்ட கொடிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றுக்கொன்று உதவாது. ஒரே பழத்தின் விதையில் வந்த சகோதரக் கொடிகளிலும் சில ஜோடிகள் சேராமல் போகும். ஊதா வகை இந்த விஷயத்தில் தாராளம், தன் தூளிலேயே காய்க்கும். ஒரே ஒரு கொடிக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் ஊதா வகையைத்தான் சொல்வேன்.

தண்டு வெட்டி நட்டால் சீக்கிரம் பூக்கும், தாய்க்கொடியின் குணம் மாறாது என்பது உண்மை. அந்த நன்மைதான் இங்கே தடையாகிறது. எனக்கு வேண்டியது வேறொரு கொடி. எனவே தொடர்பில்லாத பழங்களிலிருந்து விதை எடுத்தேன். சதையோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு, மூன்று நாள் புளிக்கவிட்டு, சல்லடையில் தேய்த்துக் கழுவி, நிழலில் ஈரம் போக்கி உடனே விதைத்தேன். புதுவிதை இரண்டு, மூன்று வாரத்தில் முளைத்துவிடும். காய்ந்து பழையதானால் முளைப்பு மிகவும் மந்தமாகும், ஒழுங்காகவும் வராது.

கையால் மகரந்தம் சேர்ப்பது

புதுக்கொடி பூக்கும் வரை நண்பரின் கொடியிலிருந்து தூள் கொண்டுவந்து கையாலேயே வேலை பார்த்தேன். பிரஷ் வைத்தும் பார்த்தேன், தூள் மயிரிழைகளுக்குள் மாட்டிக்கொண்டு வீணாகிறது. விரல் நுனியே நல்ல கருவி. மகரந்தப்பையின் தூள் பக்கத்தை ஆட்காட்டி விரலில் உருட்டினால் மஞ்சள் கோடு விழும். அதை மூன்று சூலகமுடிகளிலும், ஒவ்வொன்றின் எல்லாப் பக்கத்திலும், தடவ வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் காய் பிடிக்கும், ஆனால் அளவு குறையும். காரணத்தைக் கீழே பழத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நேரம் முக்கியம். பூ விரிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, தண்டுகள் நன்றாகத் தாழ்ந்த பின் தொடங்கி, மாலைக்குள் முடித்துவிடுவேன். பூ விரிந்ததிலிருந்து மூடும்வரை சூலகமுடி தூளை ஏற்கும் என்றாலும், மாலைக்குள் தேனீக்கள் பைகளைக் காலி செய்துவிடுகின்றன. தூள் கொடுக்கும் பூக்களை மட்டும் முன்கூட்டியே வலைப்பையில் மூடி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. தண்டு நிமிர்ந்தே நிற்கும் பூக்களைத் தூளுக்கு ஒதுக்கிவிடலாம், அவை எப்படியும் காய்க்கப்போவதில்லை.

அப்புறம் ஈரம். இந்த மகரந்தம் தண்ணீர் பட்டால் வெடித்துச் செத்துவிடும். ஒரு துளி தண்ணீரில் தூளைப் போட்டு மைக்ராஸ்கோப் உள்ளவர்கள் பார்க்கலாம், மணிகள் உடைந்து உள்ளிருப்பது வெளியே கொட்டும். மகரந்தம் வைத்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மழை பெய்தால் அந்தப் பூ போனதுதான். அதற்குப் பின் பெய்தால் பாதிப்பில்லை, மகரந்தக்குழாய் உள்ளே இறங்கியிருக்கும். மதியத்தில் கொடியின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வேருக்கு மட்டும் தண்ணீர் விடுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கொடியின் மற்ற உறுப்புகள்

மதியம் முழுக்கப் பந்தலடியில் இருந்தால் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கொடியின் ஒரு கணுவை எடுத்துக்கொண்டால் அதில் ஓர் இலை, ஒரு பற்றுக்கம்பி, ஒரு பூ, கிளையாக வளரக் காத்திருக்கும் ஒரு சிறுமொட்டு. இளங்கன்றில் இலைக்குப் பிளவு இருக்காது. வளர வளர மூன்று மடலாகப் பிளந்து, விளிம்பில் பல்வரிசை வரும். செருலியாவில் ஐந்து மடல், சில சமயம் அதற்கும் மேலே. பேரினம் முழுக்க இலை வடிவம் இப்படி மாறிக்கொண்டே போகும். பௌர்ணமி நிலா வட்டம் முதல் வௌவால் சிறகு வரை எல்லா வடிவத்திலும் இனங்கள் உண்டு.

இலைக்காம்பின் மேல் முனையில் இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். அவை பூவுக்கு வெளியே உள்ள தேன்சுரப்பிகள். எறும்புகள் அங்கே ஓயாமல் வந்து போகும். எறும்பைக் கண்டதும் மருந்தைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இனிப்புக்காக வரும் எறும்பு, இலை தின்னும் புழுவையும் முட்டையையும் அப்புறப்படுத்தும். கொடி கொடுப்பது அந்தக் காவலுக்கான கூலி. அமெரிக்கக் காடுகளில் ஹெலிகோனியஸ் வண்ணத்துப்பூச்சிகள் இந்தக் கொடிகளில்தான் முட்டையிடும். ஏற்கெனவே முட்டை இருக்கும் இலையை அவை தவிர்ப்பதால், சில பாசிஃப்ளோரா இனங்கள் இலையிலும் இலையடிச் செதிலிலும் மஞ்சள் முட்டை போன்ற புடைப்புகளை வைத்து ஏமாற்றுகின்றன. இலையில் சயனைடு தரும் சேர்மங்களும் உண்டு, பச்சைக்காயிலும் உண்டு. ஆடுமாடு மேயும் இடத்தில் கொடியைத் தணிவாகப் படரவிடாமல் இருப்பது நல்லது.

பற்றுக்கம்பி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது பூங்கொத்தின் ஒரு பகுதி உருமாறி வந்தது. அதனால்தான் பூ வரும் அதே இலைக்கோணத்தில் பக்கத்திலேயே நிற்கிறது. டார்வின் 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றிய தன் ஆய்வில் பாசிஃப்ளோரா கிராசிலிஸின் பற்றுக்கம்பியைத் தான் பார்த்தவற்றிலேயே அதிக உணர்ச்சியுள்ளது என்று எழுதினார். தொட்ட அரை நிமிடத்தில் அது வளையத் தொடங்கியது. ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதல் எடையுள்ள பிளாட்டினக் கம்பித் துண்டை மெல்ல வைத்ததும்கூட அது உணர்ந்து வளைந்தது. என் கொடியின் கம்பியை மெல்லிய குச்சியால் ஒரு பக்கம் மட்டும் வருடிவிட்டுக் காத்திருந்தேன். அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் சில நிமிடங்களில் நுனி கொக்கியாக மடங்குவது தெளிவாகத் தெரிந்தது. எதையாவது பிடித்தபின் கம்பி ஸ்பிரிங்காகச் சுருண்டு கொடியைத் தன் பக்கம் இழுக்கும். உற்றுப் பார்த்தால் சுருளின் நடுவில் திசை மாறியிருக்கும், பாதி வலமாக, பாதி இடமாக. இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பி முறுக்கேறாமல் சுருள அது ஒன்றே வழி.

பந்தலுக்குத் தடித்த குழாய் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். கம்பி சுற்றிப் பிடிக்க மெல்லியது எதையாவது தேடும். பாரத்தைத் தாங்க இரு பக்கமும் உறுதியான கம்பமும், ஆளுயரத்துக்குச் சற்று மேலே இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பியும் போதும். அதிலிருந்து பக்கக் கிளைகள் திரைச்சீலையாகத் தொங்கட்டும். கை எட்டும் உயரத்தில் பூ வந்தால்தான் மகரந்தம் வைக்க முடியும்.

பழத்தில் தெரிந்த கணக்கு

பிஞ்சு முதல் மூன்று வாரத்திலேயே கிட்டத்தட்ட முழு அளவுக்குப் பருத்துவிடுகிறது. அதற்குப் பின் வெளியே மாற்றமே தெரியாது, பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளேதான் வேலை நடக்கிறது. மகரந்தம் சேர்ந்ததிலிருந்து 70, 80 நாளில் மஞ்சளாகி, தானே உதிரும். பறிக்கத் தேவையில்லை, கீழே வலை கட்டிவிட்டால் போதும்.

மூன்று சூலகமுடியிலும் தாராளமாகத் தூள் வைத்த காய்களையும், ஒன்றில் மட்டும் லேசாகத் தொட்ட காய்களையும் தனித்தனி நூல் கட்டி வளரவிட்டிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி வைத்தபோது வித்தியாசம் கண்ணை நிறைத்தது. முதலாவது முழுக்க விதையும் சாறும். இரண்டாவது ஓட்டுக்குள் பாதி வெறும் இடம், விதைகள் ஒரு பக்கமாக ஒதுங்கி, வடிவமும் கோணல். நாம் உண்ணும் சாறு ஒவ்வொரு விதையையும் சுற்றியிருக்கும் தனித்தனிச் சாற்றுப்பைதான். விதை இல்லாத இடத்தில் சாறும் இல்லை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தமணி தேவை. நல்ல பழத்தில் விதை இருநூறைத் தாண்டும். ஆக, மதிய வெயிலில் நின்று மூன்றாவது சூலகமுடியையும் தேடித் தடவும் அந்தச் சில நொடிகள் நேராகக் கிண்ணத்தில் சாறாகச் சேர்கின்றன. இதைப் பார்த்தபின் நான் ஒரு பூவிலும் அவசரப்படுவதில்லை.

இப்போது விதையில் வந்த கொடிகள் இரண்டு பந்தலின் எதிர்முனையிலிருந்து ஏறி, பழைய கொடியோடு பின்னத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு வைத்தது ஒன்றாவது பொருந்தட்டும் என்பதற்காக. பூத்ததும் நூல் சோதனையை மறுபடி செய்து, எது எதோடு சேர்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். கருவண்டுக்காக உளுத்துப்போகாத காய்ந்த மரத்துண்டுகளையும் ஒரு முனை திறந்த மூங்கில் துண்டுகளையும் மழை படாத கூரை ஓரத்தில் கட்டியிருக்கிறேன். பூச்சிமருந்து எதுவும் பந்தல் பக்கம் வருவதில்லை.

அறுவடை முடிந்த பக்கக் கிளைகளை வெட்டிவிடும் வேலை இந்த வாரம். பூ புதுத் தளிரில் மட்டுமே வரும், காய்த்து முடித்த தண்டில் மறுபடி வராது. முக்கியத் தண்டைத் தொடாமல், தொங்கும் கிளைகளில் சில கணுக்களை மட்டும் விட்டு மீதியைக் கத்தரிக்கிறேன். பழைய பற்றுக்கம்பிகள் மரமாக இறுகிப்போயிருப்பதால் வெட்டிய கிளையை இழுக்கக் கூடாது, பக்கத்துக் கிளையும் கிழிந்து வரும். வெட்டிய துண்டுகளை அப்படியே காயவிட்டு, இலை உதிர்ந்தபின் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.